அத்திவரதர் வருஷத்து பாட்டில்

காஞ்சிபுரத்துக்காரன் என்றால் பட்டு தெரிந்தவன் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. அதைக் கலைக்க நானும் இதுவரை எந்த முயற்சியும் எடுக்கவில்லை. ரயிலில் பக்கத்து சீட்டு அம்மாள் "எந்த ஊரு?" என்று கேட்பார். பதில் சொன்ன மறு நிமிஷம் முந்தானை என் முன்னால் நீளும். "ஒரிஜினலான்னு பார்த்துச் சொல்லுங்களேன்." நானும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பார்டரைத் தடவி, பின்பக்கம் திருப்பி, அந்த அம்மாள் சந்தோஷப்படுகிற மாதிரி எதையாவது சொல்லிவைப்பேன். உள்ளபடி சொன்னால், நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். என் மேஜைக்குப் புடவை வராது, பில்தான் வரும். வீட்டில் இந்த விவரம் நன்றாகத் தெரியும். ஆசையாய் நான் எடுத்துவந்த புடவைகளை என் மனைவி "நல்லாத்தான் இருக்கு, வீட்டுல கட்டிக்கிறேன்" என்று சொல்லி பீரோவில் வைத்தாள். பாச்சை உருண்டைகளுக்குத் துணையாக அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

இந்த யோக்கியதையோடுதான் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். மாப்பிள்ளையின் மேலதிகாரி மனைவியோடு சனிக்கிழமை சாப்பிட வருகிறார் என்று பேச்சு வந்தது. பிரெஞ்சுக்காரராம். அதனால் சாப்பாட்டோடு பிரெஞ்சு ஒயின் ஒன்று வைக்க வேண்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது, அதே சமயம் கஞ்சத்தனம் வெளியே தெரியவும் கூடாது. "இருபது டாலருக்குள்ள நல்லதா ஒண்ணு" என்றாள் மகள். மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியாது மாமா" என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "தரம் பார்த்து வாங்குறதுல என்ன மாப்ளே பெரிய வித்தை? பட்டானா என்ன, பாட்டிலானா என்ன?"

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பீரோவில் இருக்கும் புடவைகள் அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தன.

காஸ்ட்கோ என்று ஒரு கடை. 1983-ல் சியாட்டிலில் ஆரம்பித்தது. கடை என்று சொல்வது மரியாதைக்காக. குடோனுக்குள்ளேயே வியாபாரம் நடக்கிறது. வருஷ சந்தா கட்டி அட்டை வாங்கினவர்களுக்குத்தான் உள்ளே அனுமதி. ஒரு பக்கம் கார் டயர், ஒரு பக்கம் மூட்டை மூட்டையாய் பாஸ்மதி அரிசி, நடுவில் பலகைப் பெட்டிகளில் ஒயின். கணக்குப்பிள்ளை புத்தி போகுமா? லாபம் எவ்வளவு வைக்கிறார்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். வாங்கின விலைக்கு மேல் நூற்றுக்கு 14, தங்கள் சொந்த பிராண்டு என்றால் 15, அதைத் தாண்டுவதில்லை என்பது அவர்கள் கொள்கையாம். எங்கள் பழைய முதலாளி காதில் இது விழுந்திருந்தால் மனுஷர் கல்லாவிலேயே சாய்ந்திருப்பார்.

ஊரில் நான் டாஸ்மாக் இருக்கும் தெருவில் நடந்தால்கூட எதிர் ஓரமாக நடக்கிற ஆள். ஒரு தடவை அந்த வாசலுக்கு எதிரே செருப்பு அறுந்துவிட்டது என்று குனிந்தேன். சாயங்காலத்துக்குள் சமாச்சாரம் பிள்ளையார்பாளையம் வரை போய்விட்டது. அந்த வரிசையில் நிற்பவர்களும் பிரான்சில் போர்தோ வட்டாரத்ததா ரோன் வட்டாரத்ததா என்று விசாரித்து வாங்குவதில்லை. வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியாவில் வெகுகாலமாக இறக்குமதி வரியே நூற்றுக்கு 150. அதற்கு மேல் மாநில வரி வேறு. பிரான்சில் தெருமுனைக் கடையில் கிடக்கிற பாட்டில் இங்கே வந்து இறங்கும்போது நவரத்தின மோதிரம் போட்டுக்கொண்டு இறங்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவன், நெற்றியில் விபூதியோடு, இருநூறு விதமான ஒயினுக்கு நடுவில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கச்சபேஸ்வரர் கோயில் குருக்கள் எந்த நிமிஷமும் டயர் பக்கத்திலிருந்து வந்துவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம். பக்கத்தில் ஒரு பாட்டி, பேரனை வண்டியில் உட்கார வைத்து, அவன் மடியில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு போனாள்.

அங்கே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் ஊர்க் கடையில் ஜமக்காளத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்து, விற்பனையாள் புடவையைப் பிரித்துப் பிரித்துப் போடுவார். சந்தேகமா, ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். நல்ல ஜரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும்; அதன் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித்தான் தங்க முலாம் பூசுகிறார்கள். ஓரத்து இழை ஒன்றை உருவித் தீயில் காட்டலாம். பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாய் நிற்கும். ஒயினை என்ன செய்வது? பிரிக்க முடியாது, சுரண்ட முடியாது, கொளுத்தவும் முடியாது. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. என்னை ஏமாற்றுவதற்குக்கூட அங்கே யாரும் இல்லை. அவ்வளவு பெரிய கடையில் அந்தப் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது.

முதலில் எடையைப் பார்த்தேன். புடவையைக் கையில் வாங்கினதும் எடை பார்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். ஒவ்வொரு பாட்டிலாய்த் தூக்கித் தூக்கி வைத்தேன். ஒன்று நல்ல கனம். அடிப்பாகத்தில் குழி வேறு கட்டைவிரல் முழுசாய் உள்ளே போகிற ஆழம். லேபிளில் கோட்டை மாதிரி ஒரு மாளிகைப் படம், கீழே தங்க எழுத்தில் 'கிராண்ட் வேன் டி போர்தோ'. விலை அட்டையின் மூலையில் ஒரு நட்சத்திரக் குறி. ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுப்பது தெரியும். ஒயினுக்கும் கொடுக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். கடைசியாய் வருஷத்தைப் பார்த்தேன். 2019.

உடம்பு சிலிர்த்துவிட்டது. 2019 அத்திவரதர் வந்த வருஷம் இல்லையா! வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள்ளிருந்து நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை எழுந்தருளுகிறவர். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஊர் கொள்ளாத கூட்டம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் கேள்வியே பட்டிராத சொந்தக்காரர்கள் படுத்துத் தூங்கினார்கள். சித்தப்பா வழியில் மாமன் முறை என்று ஒருவர் வந்தார்; எனக்குச் சித்தப்பாவே கிடையாது. பெருமாள் தண்ணீருக்குள் இருந்தே பெருமை சேர்த்தவர். அவர் வெளியே வந்த வருஷத்துத் திராட்சை, பாட்டிலுக்குள் இருந்து பெருமை சேர்க்காதா? முடிவு செய்துவிட்டேன். விலை 19 டாலர் சொச்சம். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் ஆயிரத்து அறுநூறைத் தாண்டியது. பெருக்குவதை நிறுத்தினேன்.

மாப்பிள்ளை நடுவில் ஒரு யோசனை சொன்னார். "மாமா, கிர்க்லாண்ட்னு இவங்களோட சொந்த பிராண்டு இருக்கு. ரோன் பக்கத்து ஒயின். பாதி விலைகூட இல்ல." பார்த்தேன். அதே பெயர்தான் அன்று காலை அவர் பனியன் கழுத்துப்பட்டியிலும் இருந்தது. பாதாம் பருப்பு, பேட்டரி, காலுறை எல்லாவற்றிலும் அந்தப் பெயர். "மாப்ளே, நீங்க போட்டிருக்கிற பனியன் பேர்ல இருக்கிறத உங்க ஆபீசருக்கு ஊத்துறதா?" என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. மாமனாருக்குக் கிடைக்கும் மரியாதையில் இது ஒன்று: நம் முட்டாள்தனத்தைத் தடுக்க மாட்டார்கள்.

அதற்குப் பக்கத்திலேயே தோள் சரிந்த, மெல்லிசான ஒரு பாட்டில் இருந்தது. போஜொலே என்று போட்டிருந்தது. பன்னிரண்டு டாலர். கையில் எடுத்தேன். கனம் இல்லை, குழி இல்லை, மாளிகை இல்லை. சீட்டித் துணி என்று வைத்துவிட்டேன். இந்த பாட்டிலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி முடித்த பிறகு விசாரிப்பது எங்கள் குடும்ப வழக்கம். வீடு கட்டினது அப்படித்தான், ஸ்கூட்டர் வாங்கினதும் அப்படித்தான். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு மகளுடைய ஐபேடை எடுத்து ஒயினைப் பற்றிப் படித்தேன். 'கிராண்ட் வேன்' என்ற பட்டத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதற்குச் சட்டத்தில் அர்த்தமே கிடையாதாம். எங்கள் ஊரில் 'நெசவாளர்களிடமிருந்து நேரடியாக' என்று போர்டு வைத்திருக்கிற கடைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். கனமான பாட்டிலில் கூடுதலாய் இருப்பது கண்ணாடி. குழி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதே முக்கால் லிட்டர். நட்சத்திரத்தைப் பற்றி மறுநாள் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அது ஸ்டாக் தீர்ந்தா மறுபடி வராதுன்னு அர்த்தம் மாமா" என்றார். கழிவுப் புடவைக்கு எங்கள் கடையில் சிவப்பு நூல் கட்டுவோம்.

போர்தோ பேருக்கு ஏன் இந்த மவுசு என்றும் படித்தேன். 1855-ல் பாரிசில் ஒரு பெரிய பொருட்காட்சி. மூன்றாம் நெப்போலியன் சொல்லி, போர்தோ தரகர்கள் ஊர் ஒயின்களை ஐந்து படியாகத் தரம் பிரித்தார்கள். எதை வைத்துப் பிரித்தார்கள் என்றால், சந்தையில் எது என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்து. அதாவது விலை கூடினது உசத்தி; உசத்தி என்பதால் மேலும் விலை கூடும். இந்தக் கணக்கு எங்கள் முதலாளிக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். அந்தப் பட்டியலில் மேல்படிக்கு ஏறிய ஒரே பெயர் மூத்தோன் ரோத்ஷில்ட், அதுவும் 1973-ல். என்னுடைய மாளிகை அந்தப் பட்டியலின் வாசல் திண்ணையில்கூட இல்லை. பட்டியலில் இருக்கிறவர்கள் இருபது டாலருக்கு வர மாட்டார்கள்.

மலிவாய் நல்லதாய் வேண்டுமானால் பெரிய பேரை விட்டுவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போ என்பதுதான் படித்ததன் சாரம். ஷாம்பேன் என்ற பெயரை அந்த வட்டாரத்துக்காரர் மட்டும்தான் போடலாம். அதே மாதிரி பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் தடவை நொதிக்கவிட்டு, லுவார், அல்சாஸ் பக்கம் செய்வதற்குக் கிரேமான் என்று பெயர்; விலை எவ்வளவோ குறைவு. எங்களுக்கு இது புரியாத விஷயமா? காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு வாங்கினோம். ஊர்ப் பெயரைப் போட்டதும் ஒரு விலை; ஆரணி என்று சொன்னால் வேறு விலை. தெற்கே ரோன், லாங்டாக் பக்கத்து ஒயின் எல்லாம் காசுக்கு மேல் ருசி என்று எழுதியிருந்தது. அதே வரியில் இன்னொரு பெயரும் இருந்தது. போஜொலே. ஐபேடை மூடிவிட்டேன்.

என் தேர்வில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. போர்தோவுக்கு 2019 உண்மையிலேயே நல்ல வருஷமாம். பெருமாள் கைவிடவில்லை.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். என் மனைவி காஞ்சிபுரம் இட்லி செய்திருந்தாள். வரதர் கோயில் குடலை இட்லி மாதிரியே மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்டு, நெய் ஊற்றி. மூங்கில் குடலைக்கு ஃப்ரீமான்ட்டில் எங்கே போவது, டம்ளரில் வேகவைத்தாள். கூடவே மிளகாய்ப்பொடி, வத்தக்குழம்பு. பிரெஞ்சுக்காரர் பாட்டிலைக் கையில் எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், லேசாய்த் தூக்கி எடை பார்த்தார், புருவத்தை உயர்த்தினார். "ரொம்ப நல்ல தேர்வு" என்றார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். நான் என் மனைவி பக்கம் திரும்பினேன். அவள் சட்னி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

எந்த ஊர் என்று கேட்டேன். லியோனாம். எனக்கு அது வெறும் பெயர்தான். அவர் விளக்கினார்: லியோன் பட்டு நெசவு ஊராம். எங்கள் தறிக்கு மேலே அட்டை தொங்குகிற ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அதைச் செய்த ஜக்கார்டு அந்த ஊர்க்காரர்தானாம், 1804-ல். 1831-ல் கூலி போதாதென்று பட்டு நெசவாளிகள் கலகம் செய்து ஊரையே பிடித்துவிட்டார்களாம். எனக்கு ஒரே உற்சாகம். சம்பந்தி கிடைத்துவிட்டார்! உங்கள் ஊரில் என்ன ஒயின் குடிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "எங்க ஊரிலிருந்து வடக்கே கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினா திராட்சைத் தோட்டம்தான். அதுதான் எங்க வீட்டு ஒயின். லேசா இருக்கும், காரத்துக்கும் ஒத்துப்போகும். போஜொலேன்னு பேரு, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் இட்லியைப் பார்த்தேன்.

மிளகாய்ப்பொடியோடு ஒரு வாய் போர்தோ குடித்தார். துவர்ப்பு ஒயினும் காரமும் ஒன்றுசேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும் என்பதை நானும் படித்திருந்தேன். இப்போது நேரில் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே ஒயின் கிளாஸை அரை அடி தள்ளிவைத்துவிட்டு, அப்புறம் மோருக்கு மாறினார். மூன்று டம்ளர்.

சாப்பாடு முடிந்ததும் அவர் மனைவி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். போன வருஷம் இந்தியா வந்தபோது காஞ்சிபுரமும் போனார்களாம். டிரைவரே ஒரு கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இதுதான் நெசவாளர் வீடு என்றாராம். "நீங்க அந்த ஊர்க்காரர், பட்டுக்கடையில இருந்தவர்னு சொன்னாங்க. பார்த்துச் சொல்லுங்க" என்று புடவையை என் மடியில் வைத்தார்.

கணக்குப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிட்டது. உடலும் பார்டரும் சேர்கிற இடத்தில் கோர்வை இல்லை, ஒரே ஓட்டம். ஜரிகையில் நகம் பட்டதும் மினுக்குத் தகடு உரிந்தது. உள்ளே சிவப்பு நூலும் இல்லை, வெள்ளியும் இல்லை. கையில் வழுக்கிய வழுக்கலில், தீக்குச்சி கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. விலையைச் சொன்னார். அந்த விலைக்கு அசல் புடவையே எடுத்து, மிச்சத்தில் சரவண பவனில் குடும்பத்தோடு சாப்பிட்டிருக்கலாம். அந்த அம்மா கண்ணை அகல விரித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

முன்பக்கம் பார்த்தேன். பின்பக்கம் திருப்பினேன். லேசாய்த் தூக்கி எடை பார்த்தேன். புருவத்தை உயர்த்தினேன். "ரொம்ப நல்ல தேர்வு" என்றேன்.

சொல்லி முடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த லியோன்காரரோடு கண் சந்தித்தது. மனுஷர் மோர் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ராத்திரி பாத்திரம் கழுவும்போது என் மனைவி கேட்டாள். "அந்தப் புடவை நைலக்ஸ்தானேங்க?"

"ஆமா."

"பாட்டில்ல பாதிக்கு மேல அப்படியே இருக்கு. அத என்ன பண்ணுறது?"

பதில் சொல்லாமல் போய்ப் படுத்தேன். பீரோவில் வைக்கச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஆகவே நண்பர்களே, காஞ்சிபுரம் வந்தால் டிரைவர் நிறுத்துகிற கடையில் இறங்காதீர்கள். நெசவாளர் கூட்டுறவு சங்கத்துக் கடைக்குப் போங்கள், சில்க் மார்க் அட்டையைக் கேட்டு வாங்குங்கள், கோர்வையைத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்காவில் குடோன் கடைக்குப் போனால் மாளிகைப் படத்தை விட்டுவிட்டு போஜொலேயை எடுங்கள், இல்லாவிட்டால் பனியன் பிராண்டை எடுங்கள். இரண்டு இடத்துக்கும் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என் மனைவியைக் கூப்பிடுங்கள். வண்டி தள்ள நான் வருகிறேன்.